வீட்டுக்குள் எத்தனை புகை?

டெல்லியில் குளிர்காலம். விடிந்தும் தெரு தெரியவில்லை. பனியும் புகையும் கலந்து நிற்கின்றன.

"வெளியே காற்று கெட்டுக் கிடக்கிறது. ஜன்னலைச் சாத்து அம்மா" என்கிறார் ஒரு வீட்டுப் பெரியவர். மருமகள் சாத்துகிறாள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைக்கிறார். பக்கத்தில் பேரன் விளையாடுகிறான்.

வெளிக்காற்று கெட்டது என்று எப்படித் தெரிகிறது? டெல்லியில் பல இடங்களில் அரசாங்கம் கருவி வைத்திருக்கிறது. கருவி காற்றை உறிஞ்சும். அதில் நுண்தூசு எவ்வளவு என்று சொல்லும். இந்தத் தூசு தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அதனால் மூக்கில் நிற்காது. நுரையீரலின் அடிவரை போகும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். இவ்வளவு பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அடங்கும் காற்றில், ஒரு நாள் சராசரியாக, 60 மைக்ரோகிராம் நுண்தூசுக்கு மேல் இருக்கக் கூடாது. இது 2009-இல் இந்திய அரசு வைத்த எல்லை. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். டெல்லிக் குளிர்காலத்தில் இந்த எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகும் நாட்கள் உண்டு.

பீடிப் புகையிலும் இதே நுண்தூசு இருக்கிறது. தூசை அளக்கும் கருவிக்கு லாரிப் புகை, பீடிப் புகை என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். கருவியின் பக்கத்தில் ஒருவர் நின்று புகை பிடித்தால் எண் ஏறிவிடும். ஊர்க் காற்றே கெட்டது போலத் தோன்றும். அதனால்தான் அடுப்பு, புகைக்கூண்டு பக்கத்தில் கருவியை வைப்பதில்லை. திறந்த வெளியில் வைக்கிறார்கள்.

அப்படியானால் வீட்டுக்குள் இருக்கும் புகை? அது அந்தக் கணக்கில் வராது.

இத்தாலி நாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். 2004-இல் அதன் முடிவு வெளிவந்தது. கார் நிறுத்தும் அறை ஒன்றில் டீசல் காரை அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்தார்கள். அறையை நன்றாகக் காற்றாட விட்டு, 3 சிகரெட்டுகளைப் புகைய வைத்தும் அளந்தார்கள். எதில் தூசு அதிகம்? சிகரெட்டில்தான். கார்ப் புகையைப் போல 10 மடங்கு வரை இருந்தது! அது நல்ல டீசலில் ஓடிய கார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய லாரி என்றால் கணக்கு வேறு.

சாத்திய அறையில் பீடி அணைந்தாலும் தூசு உடனே போகாது. நெடுநேரம் மிதக்கும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். இந்தப் புகையால் அவர்களுக்கு இருமல், இழுப்பு, நெஞ்சுச் சளி, காதுவலி வரும்.

2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை உண்டு. மீறினால் அபராதம். வீடு பொது இடம் அல்ல. அங்கே மருமகள்தான் வாய் திறக்க வேண்டும்.

"பாபுஜி, பிள்ளை இருமுகிறான். பீடியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்."

"வெளியேதான் ஒரே புகையாக இருக்கிறதே, அம்மா!"

"உள்ளே மட்டும் என்ன இருக்கிறது, பாபுஜி?"