பரிசு கொடுத்தால் பாசம் பிறக்குமா?



நள்ளிரவு நேரம். உங்கள் இல்லத்து இளைஞன் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்திருக்கிறான். அவன் கண்கள் கலங்கியிருக்கின்றன. "என்ன வாப்பா, என்ன நடந்தது?" என்று பதற்றத்துடன் கேட்கிறீர்கள். "ஒன்றுமில்லை. கதையில் ஒருத்தி பிரிந்து போய்விட்டாள்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரித்துவிடுவீர்களா? "இல்லாத பெண்ணுக்காக இத்தனை கண்ணீரா?" என்று கடிந்துகொள்வீர்களா?

இரண்டையும் செய்யாமல் சற்றே பொறுங்கள். அவன் எதைப் பார்த்துக் கலங்கினான் என்பதை அறிந்துகொண்டு பேசுவதே நமக்கு அழகு. அறியாமல் சொல்லும் அறிவுரை செவியில் ஏறுவதில்லை. அறிந்து சொல்லும் ஒரு சொல் நெஞ்சில் தங்கும்.

விளையாட்டா, கதையா?

கணிப்பொறி விளையாட்டு என்றதும் காரோட்டுவதும் துப்பாக்கி சுடுவதுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்றொரு வகை உண்டு. பழைய மாயக் கதைகளைப் போன்று மந்திரவாதிகளும் வீரர்களும் விசித்திரப் பிறவிகளும் உலவும் ஒரு கற்பனை நாடு. அதில் ஆடுபவர் ஒரு வீரனாகவோ வீராங்கனையாகவோ பயணம் செய்கிறார். வழியில் சிலர் அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கடந்த காலம் உண்டு. ஆறாத காயம் உண்டு. இரவில் கூடாரமடித்துத் தங்கும்போது அவர்கள் வாய் திறந்து பேசுவார்கள். திரையில் மூன்று நான்கு மறுமொழிகள் தோன்றும். அவற்றுள் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் சொல்லைப் பொறுத்து நட்பு வளரும் அல்லது தேயும். சிலரிடம் அந்த நட்பு காதலாகவும் மாறும்.

கனடா நாட்டின் எட்மன்டன் நகரில் மருத்துவம் பயின்ற நண்பர்கள் சிலர் சேர்ந்து 1995இல் தொடங்கிய பயோவேர் நிறுவனம், இவ்வகைக் கதைகளுக்குப் பெயர் பெற்றது. 1998இல் அது வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் ஒரு கணவனும் மனைவியும் உடன் வருவார்கள். கணவனின் பெயர் காலித். நமக்கெல்லாம் மிகவும் பழகிய பெயர்தான்! திக்கித் திக்கிப் பேசும் மென்மையான மனிதன். மனைவி ஜஹீரா அதட்டிப் பேசும் இயல்பினள். ஆயினும் இருவரையும் பிரிக்க இயலாது. ஒருவரை அனுப்பினால் மற்றவரும் உடன் போய்விடுவார்.

2000ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் பாகம் ஒரு நிலவறைச் சிறையில் தொடங்குகிறது. தப்பிச் செல்லும் வழியிலேயே காலிதின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடக்கிறது. ஜஹீரா விதவையாகிறாள். அதன்பின் நாயகனோடு அவள் தொடரும் பயணத்தில், நீண்ட இடைவெளிகள் விட்டு, அவளுடைய துயரமும் குற்ற உணர்வும் மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. விரும்பினால் அந்த உறவு காதலாகவும் கனியலாம். ஆனால் ஒரு தவறான மறுமொழி போதும். அந்தக் கதவு அத்துடன் மூடிவிடும். துக்கத்தில் இருப்பவரிடம் அவசரப்பட்டுப் பேசலாகாது என்பதை ஒரு விளையாட்டு இப்படிச் சொல்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

எண்ணாக அளக்கப்படும் அன்பு

இப்போது திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம். கணிப்பொறிக்கு மனம் இல்லை. எனவே நட்பையும் காதலையும் அது எண்களாகவே வைத்துக்கொள்கிறது. ஜப்பானில் 1997இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' இந்த எண்ணை ஆடுபவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்றில் நாயகனோடு உலாவ வருபவர் யார் என்பதை, அதற்கு முன் அவன் பேசிய சிறுசிறு சொற்களே தீர்மானித்தன.

பயோவேர் 2009இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' அந்த எண்ணை வெளிப்படையாகவே காட்டியது. கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை ஓர் அளவுகோல். தோழருக்குப் பிடித்த செயலைச் செய்தால் எண் ஏறும். பிடிக்காததைச் செய்தால் இறங்கும். பரிசு கொடுத்தாலும் ஏறும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒருவருக்கே அடுத்தடுத்துப் பரிசுகளை அள்ளிக் கொடுத்தால், ஒவ்வொன்றின் பயனும் முன்னதைவிடக் குறைந்துகொண்டே போகும்.

எண் என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. பெல்ஜியம் நாட்டின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை வெளியிட்டது. வெளியான தொடக்கத்தில் அதன் தோழர்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஆடுபவர்மீது காதல் கொண்டார்கள். காரணம் வேறொன்றுமில்லை, காதல் தொடங்குவதற்குரிய எண் மிகவும் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் வின்க்கே இதை ஒப்புக்கொண்டார். பின்னர் அது திருத்தப்பட்டது. எண்ணை உயர்த்தியவுடன் காதலின் வேகம் குறைந்துவிட்டது!

ஒரு கண்ணாடியின் கதை

அப்படியானால் இவை வெறும் ஏமாற்று வித்தைகளா? அப்படியும் தள்ளிவிட இயலாது.

'டிராகன் ஏஜ்' கதையில் மோரிகன் என்றொரு பெண் வருகிறாள். காட்டில் தாயால் வளர்க்கப்பட்டவள், எவரையும் நம்பாதவள். அன்பு என்பது பலவீனம் என்று கற்பிக்கப்பட்டவள். சிறுமியாக இருந்தபோது, ஒரு சீமாட்டியின் வண்டியிலிருந்து அழகிய கண்ணாடி ஒன்றை அவள் திருடி வந்துவிட்டாள். அதைக் கண்ட தாய், அழகில் மயங்குவது பேதைமை என்று சொல்லி அந்தக் கண்ணாடியை உடைத்துப்போட்டாள். இந்தக் கதையை மோரிகன் ஓர் இரவில் சொல்கிறாள். பயணத்தில் எங்கோ ஒரு கடையில் அதேபோன்ற பொன் கண்ணாடி விற்பனைக்கு இருக்கிறது. அதை வாங்கி அவளிடம் கொடுத்தால், அந்தக் கடுமையான பெண் ஒரு கணம் சொல்லிழந்து நிற்கிறாள். கைம்மாறு எதிர்பாராமல் தனக்கு எவரேனும் பரிசு தருவார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருக்கிறது.

இங்கே கண்ணாடியின் விலையா பெரிது? என்றோ அவள் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். மறவாமல் வைத்திருந்தார் என்பதுதானே பெரிது? ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் துணைவியர் சிறுவயதில் இழந்த பொருள் எது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போலந்து நாட்டில் உருவாகி 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' வேறொரு பாடத்தைச் சொல்கிறது. நாயகன் ஜெரால்டின் வாழ்வில் யென்னஃபர், ட்ரிஸ் என்று இரு பெண்கள். இருவருள் ஒருவரிடம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆசைப்பட்டு இருவரிடமும் தனித்தனியே "உன்னையே நேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், அவ்விருவரும் கலந்து பேசி, அவனை ஒரு விடுதியில் கட்டிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கதை முடிவில் அவன் தனியனாகிறான். இரட்டை நாக்குக்கு உரிய கூலி அது.

'பால்டர்ஸ் கேட் 3' கதையில் கார்லாக் என்றொரு வீராங்கனை. அவளுடைய இதயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எரியும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அவளைத் தொடுபவர் கை வெந்துவிடும். பல ஆண்டுகளாக எவருடைய அணைப்பையும் அறியாதவள். ஒரு கொல்லன் அந்த இயந்திரத்தைச் செப்பனிட்டுத் தந்த பிறகு, ஒரு மனிதரின் கையைப் பற்றியதற்காக அவள் அடையும் களிப்பைக் கண்டு கலங்கியவர்கள் ஏராளம். நாள்தோறும் நம் தோளில் வந்து தொங்கும் குழந்தையின் கையை நாம் எத்தனை முறை "போ, வேலை இருக்கிறது" என்று விலக்கிவிடுகிறோம்!

மணநாளுக்குப் பின்

பெரும்பாலான இவ்வகைக் கதைகள் காதலோடு நின்றுவிடும். ஆனால் 1992இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 5' அதையும் தாண்டிச் சென்றது. அதில் நாயகன் திருமணம் செய்துகொள்கிறான். சிறுவயதுத் தோழி பியாங்காவா, செல்வந்தர் வீட்டுப் பெண் ஃபுளோராவா என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். சிந்திப்பதற்காக ஓர் இரவு தரப்படுகிறது. செல்வந்தர் வீட்டைத் தேர்ந்தால் மாமனாரின் உதவி கிடைக்கும். ஆயினும் இளமைத் தோழியைக் கைவிட மனம் வராமல் தவித்தவர் பலர்.

மணம் முடிந்தபின் மனைவியும் பயணத்தில் உடன் வருகிறாள். இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. பின்னர் ஒரு கொடியவனின் மந்திரத்தால் கணவனும் மனைவியும் கல்லாகிப் போகிறார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, வளர்ந்த பிள்ளைகளே தேடி வந்து தந்தையை மீட்கிறார்கள். உலகைக் காக்கப் பிறந்த வீரன் நாயகன் அல்லன், அவனுடைய மகனே என்பதும் அப்போதுதான் தெளிவாகிறது. தன்னைவிடத் தன் பிள்ளை உயர்ந்து நிற்கக் கண்டு மகிழ்வதே பெற்றோரின் வாழ்வு என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா?

திரும்பப் பெற முடியாத சொல்

இத்தனை நன்மைகளைச் சொன்ன பிறகு, இளைஞர்களே, உங்களிடம் ஒரு பேச்சு.

இந்த விளையாட்டுகளில் ஒரு வசதி இருக்கிறது. கதையை வேண்டிய இடத்தில் சேமித்து வைக்கலாம். சொன்ன சொல் பிழையாகி, எதிரில் நிற்பவள் முகம் வாடினால் கவலையில்லை. சேமித்த இடத்துக்குத் திரும்பி, வேறொரு மறுமொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அவள் வாடியது அவளுக்கே நினைவிருக்காது.

வாழ்க்கையில் அந்தப் பொத்தான் இல்லை. கோபத்தில் மனைவியை நோக்கி வீசிய ஒரு சொல், தாயின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரு சொல், இருபது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் நெஞ்சில் அப்படியே கிடக்கும். அங்கே நமக்கு உள்ள ஒரே வழி, திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்பதுதான். இந்த விளையாட்டுகள் பலவற்றைப் பழக்கித் தரலாம். மன்னிப்புக் கேட்கும் துணிவை மட்டும் அவற்றின் சேமிப்புப் பொத்தான் பழக்கித் தராது.

இன்னொன்றும் உண்டு. திரையில் இருப்பவளுக்குத் தலைவலி வராது, அவளுக்கு வயதாகாது. நீங்கள் பத்து நாள் பேசாமல் இருந்தாலும் விட்ட இடத்திலேயே காத்து நிற்பாள். அவள் நேசிப்பது நீங்கள் ஏற்றிருக்கும் வீரனைத்தான். நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்களை அவள் அறியவே மாட்டாள். இதையே அன்பின் அளவாகக் கொண்டு மனிதர்களை அளக்கத் தொடங்கினால், எந்த மனிதரும் அந்த அளவுக்குத் தேறமாட்டார். ஒரு பரிசுக்கு இத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இல்லறத்தில் நுழைபவன், "இத்தனை செய்தேனே, இவள் ஏன் மகிழவில்லை?" என்றே வாழ்நாள் முழுவதும் புலம்புவான்.

இந்த மயக்கம் புதியதும் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966இல் 'எலிசா' என்ற எளிய நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தருவதுதான் அது செய்த வேலை. அதில் பொருள் ஒன்றுமில்லை என்று நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் பேசிய பிறகு, பேராசிரியரை அறையை விட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டாராம்! மனித உள்ளம் கேட்பாரைத் தேடி அவ்வளவு ஏங்குகிறது.

பெற்றோர்களே!

உங்களுக்கும் சில சொற்கள். மேலே குறிப்பிட்டவற்றுள் 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்', 'தி விட்சர் 3', 'பால்டர்ஸ் கேட் 3' ஆகியவை ஐரோப்பியத் தர முறையில் 18 வயது நிரம்பியவர்களுக்கென்றே முத்திரையிடப்பட்டவை. வன்முறையும் சிறுவர் காணத் தகாத காட்சிகளும் அவற்றில் உண்டு. உறையின்மேல் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

வயது வந்த பிள்ளையானால், ஏளனம் மட்டும் வேண்டாம். அவன் கலங்கியது எண்ணைக் கண்டு அன்று. அந்த வசனத்தை எழுதியவர் ஒரு மனிதர். குரல் கொடுத்தவரும் ஒரு மனிதர். நல்ல நாவலைப் படித்து நாம் கண் கலங்கியதில்லையா? அருகில் அமர்ந்து, "அவள் யார்? ஏன் பிரிந்து போனாள்?" என்று கேளுங்கள். அவன் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கி, தன் கதையில் வந்து முடிப்பான். வீட்டில் கேட்பார் இல்லாதபோதுதான் பிள்ளைகள் திரையில் கேட்பாரைத் தேடுகிறார்கள்.

கூடாரத்து நெருப்பருகே அமர்ந்து ஒரு கற்பனைத் தோழியின் துயரத்தைப் பொறுமையுடன் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அடுக்களையில் தனியே நிற்கும் உம்மாவின் துயரத்தைக் கேட்கவும் தெரியும். அந்த ஒரு திருப்பத்தை மட்டும் நாம் அவனுக்குக் காட்டிக் கொடுத்தால் போதும். அதற்கு முதலில் நாம் அவன் அருகில் சென்று அமர வேண்டும். இன்றிரவே அமர்வோமா?