தொடக்க நிலையாளருக்கான வெளியூர் நெடுமுப்போட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நெடுமுப்போட்டி (டிரையத்லான்) என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய விளையாட்டு ஆகும். நீரிலிருந்து எழுந்து வந்து மிதிவண்டியை எடுக்கும் நேரமும், மிதிவண்டியை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கும் நேரமும் மொத்தக் கணக்கிலேயே சேரும். பல ஊர்களில் இப்போட்டி நடப்பதே இல்லை. ஆகவே முதல் போட்டிக்கே வேறு நகரத்துக்கோ வேறு நாட்டுக்கோ செல்ல வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகிறது. அழகான கடற்கரைப் படத்தைப் பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டு, அங்கே போன பிறகு அலையைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. பொருந்தாத போட்டியைத் தேர்ந்தெடுத்தால் பணம் வீணாகும். நீச்சல் பகுதியில் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

தற்காலத்து நெடுமுப்போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவில் தொடங்கியது. சான் டியேகோ டிராக் கிளப்பைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹான் ஆகிய இருவர் அதை வகுத்தனர். கலந்து கொண்டவர்கள் 46 பேர். அதில் ஓட்டம் முதலிலும் நீச்சல் கடைசியிலும் இருந்தன. களைத்த உடலோடு நீரில் இறங்குவதைவிடப் புத்துணர்ச்சியோடு இறங்குவதே பாதுகாப்பானது. இன்று எங்கும் நீச்சலே முதலில் வருகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் விளையாட்டானது.

தூரமும் கால வரம்பும்

நெடுமுப்போட்டி என்றதும் பலர் நினைப்பது 'அயர்ன்மேன்' என்ற பெயரைத்தான். 1978இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில் 15 பேருடன் தொடங்கிய அந்தப் போட்டியில் 3.86 கிமீ நீச்சல், 180 கிமீ மிதிவண்டி, 42.2 கிமீ ஓட்டம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் முடிக்கப்பட வேண்டும். ஆனால் அது இந்த விளையாட்டின் ஒரு கோடி மட்டுமே. புதியவர்களுக்கு உரியது 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறுந்தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிமீ மிதிவண்டி, 5 கிமீ ஓட்டம். அதிலும் சிறியதான 'சூப்பர் ஸ்பிரின்ட்' போட்டியில் ஏறத்தாழ 400 மீட்டர் நீந்தி, 10 கிமீ மிதித்து, 2.5 கிமீ ஓடினால் போதும். ஒலிம்பிக் தூரம் குறுந்தூரத்தைப் போல் சரியாக இரு மடங்கு: 1.5 கிமீ, 40 கிமீ, 10 கிமீ.

'அயர்ன்மேன் 70.3' என்பதை அரை அயர்ன்மேன் என்றும் சொல்வர். 70.3 என்பது மொத்த மைல் கணக்கு, கிலோமீட்டரில் 113. 'அரை' என்ற சொல்லைக் கேட்டு எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இத்தொடரின் போட்டிகள் 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் அறிமுகமானபோது, தென்னாசியாவில் பலர் இந்த விளையாட்டைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டனர். அருகில் இருக்கிறது, விமானச் செலவு குறைவு என்பதற்காக அதையே முதல் போட்டியாகக் கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் அருகில் இருப்பது வேறு, எளிதாக இருப்பது வேறு. 1.9 கிமீ நீச்சலுக்குப் பொதுவாகத் தரப்படும் நேரம் 1 மணி 10 நிமிடம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 100 மீட்டரையும் 3 நிமிடம் 41 நொடிக்குள் கடக்க வேண்டும். நீச்சல் குளத்தில் இது நிதானமான வேகமே. அலையிலும் கூட்டத்திலும் திசை தவறி 200 மீட்டர் கூடுதலாக நீந்துபவருக்கு இதே வரம்பு நெருக்கடியாகிவிடும். வரம்பைத் தாண்டினால் மிதிவண்டியைத் தொடவே அனுமதி கிடையாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து போய் அங்கேயே நின்றுவிடுவது கசப்பான அனுபவம்.

எனவே ஒரு போட்டியின் தூரத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கால வரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுந்தூரப் போட்டிகள் பலவற்றில் வரம்பு தாராளமாகவே இருக்கும்.

நீர்

தேர்வில் மிக முக்கியமானது நீர்தான். அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்து 2010இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்புகளில் 14 பேர் இறந்தனர். அவர்களுள் 13 பேர் இறந்தது நீச்சலின்போது. விகிதம் மிகச் சிறியது. ஆனால் ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. மிதிவண்டியில் களைத்தால் ஓரமாக நிறுத்தலாம், ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். ஆழமான நீரில் அப்படி நிற்க இடமில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது தேவை.

குளத்தில் நீந்திப் பழகியவருக்குத் திறந்த நீர் புதிய அனுபவம். அடியில் கறுப்புக் கோடு இருக்காது. கலங்கிய நீரில் நீட்டிய தன் கையே தெரியாமல் போகலாம். சுற்றிலும் நீந்துபவர்களின் கையும் காலும் மேலே படும். சில நொடிகள் மூச்சு தடுமாறினால் பயம் பற்றிக்கொள்ளும். ஆகவே போட்டி எங்கே தொடங்குகிறது, எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்பது அவசியம். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வது புதியவர்களுக்கு ஏற்றதல்ல. சில நொடி இடைவெளியில் சிலர் சிலராக இறங்குவதும், வயது வாரியாகச் சிறு அணிகளாகப் பிரித்து அனுப்புவதும் நல்லது.

கரையை ஒட்டியே நீந்தும் போட்டிகள் மனத்துக்குத் தெம்பு தரும். சிகாகோ நெடுமுப்போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிச்சிகன் ஏரியின் மன்ரோ துறைமுகத்தில், அலைதடுப்பு உள்ள நீரில், கரைச் சுவரை ஒட்டியே நீச்சல் பாதை செல்கிறது. லண்டனில் ராயல் விக்டோரியா கப்பல்துறையில் நடைபெறும் போட்டியிலும் அலை கிடையாது. இவற்றுக்கு நேர் எதிரானது சான் பிரான்சிஸ்கோவின் 'எஸ்கேப் ஃப்ரம் அல்காட்ராஸ்'. பழைய சிறைத் தீவின் அருகே படகிலிருந்து குதித்து, குளிர்ந்த விரிகுடா நீரோட்டத்தில் ஏறத்தாழ 2.4 கிமீ நீந்திக் கரை சேர வேண்டும். புகழ் பெற்ற போட்டி. முதல் போட்டியாகக் கொள்ளத் தகாதது.

நீரின் வெப்பநிலைக்கும் உடைக்கும் தொடர்பு உண்டு. 'வெட்சூட்' எனப்படும் ரப்பர் உடை குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. இதனால் சற்றே பயந்த நீச்சல்காரர்கள் அதை நம்புகின்றனர். உலக நெடுமுப்போட்டிக் கூட்டமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீரின் வெப்பம் 22 பாகை செல்சியசைத் தாண்டினால் அதை அணியக் கூடாது. கோவா, சிங்கப்பூர், புக்கெட் போன்ற வெப்பமண்டலக் கடல்களில் அந்த உதவி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்குச் செல்பவருக்கோ சிக்கல் வேறு. அவர் வெட்சூட் அணிய நேரும். மார்பை இறுக்கும் அந்த உடையை முதல் முறையாகப் போட்டி நாளன்று அணிவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. எந்த வகை நீச்சலும் நீந்தலாம். தவளை நீச்சலோ மல்லாந்து நீந்துவதோ தவறில்லை. களைத்தால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பற்றிக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். கையை உயர்த்தினால் உதவி வரும்.

சாலையும் வெயிலும்

மிதிவண்டிப் பாதையில் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஏற்றம் எவ்வளவு, வளைவுகள் எத்தனை, மற்ற வண்டிகள் முற்றிலும் தடுக்கப்பட்டுள்ளனவா. போக்குவரத்து மூடப்படாத சாலையில் நடக்கும் போட்டி, அயல்நாட்டில் முதல் முறை ஓட்டுபவருக்கு ஏற்றதல்ல. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் இடப்பக்கம் செல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வலப்பக்கம். பிரேக்கும் மாறும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் வழக்கமாக வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கு உரியது, அமெரிக்காவில் இடக்கை. வாடகை வண்டியில் இதைக் கவனிக்காமல் இறக்கத்தில் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும்.

வெப்பம் தனிக் கணக்கு. உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் பயிற்சி செய்பவருக்குத் தென்கிழக்கு ஆசியப் புழுக்கம் புதிதல்ல. இங்கிலாந்திலோ கனடாவிலோ படிக்கும் மாணவர் குளிர்காலப் பயிற்சியோடு வெப்பமண்டலப் போட்டிக்கு வந்தால் ஓட்டப் பகுதியில் சுருண்டுவிடக்கூடும்.

சில போட்டிகள்

மேலே கூறிய சிகாகோ போட்டி ஆகஸ்ட் இறுதியில் வார இறுதி நாட்களில் நடைபெறுவது. சனிக்கிழமை மீச்சிறு தூரம், ஞாயிறன்று குறுந்தூரமும் ஒலிம்பிக் தூரமும் என்று பிரித்து நடத்தும் வழக்கம் உள்ளதால் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு தூரத்தில் கலந்து கொள்ளலாம்.

தமிழ் வாசகர்களுக்கு எளிதில் எட்டக்கூடியது சிங்கப்பூர். அங்கு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நடத்தப்பட்டு வரும் 'மெட்டாஸ்பிரின்ட்' தொடரில் நீச்சலும் ஓட்டமும் மட்டும் உள்ள போட்டி, ஓட்டமும் மிதிவண்டியும் மட்டும் உள்ள போட்டி, பிறகு மூன்றும் சேர்ந்தது எனப் படிப்படியாக வருகின்றன. முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போவது போன்ற இந்த ஏற்பாடு புதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது. சமதரைப் பாதை, தங்குமிடமும் உணவும் எளிது.

தாய்லாந்தின் லகூனா புக்கெட் போட்டி 1994 முதல் நடைபெறுவது. முதலில் கடலில் நீந்தி, மணலைக் கடந்து, பிறகு உப்பங்கழியில் நீந்தும் வினோத அமைப்பு கொண்டது. உப்பு நீரில் உடல் எளிதில் மிதக்கும். கழிக்குள் வந்ததும் அந்த மிதப்பு குறைவதை உடனே உணரலாம். விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றது என்றாலும் மிதிவண்டிப் பாதையில் செங்குத்தான ஏற்றங்கள் உள்ளன. இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நலம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1983இல் தொடங்கிய நூசா போட்டி ஒலிம்பிக் தூரத்துக்கு உரியது. ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவாக அது நடக்கிறது. கடைசியாக வருபவருக்கும் கைதட்டல் உண்டு.

பயண ஏற்பாடு

மிதிவண்டியை விமானத்தில் கொண்டுசெல்லப் பெட்டி தேவை. பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துக் கொள்பவர்கள் ஏராளம். டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு; போகுமிடத்தில் வாங்கிக் கொள்வதே எளிது. உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். குறுந்தூரப் போட்டிக்கு இத்தனை சிரமம் தேவையா என்று யோசித்தால், வாடகை வண்டி கிடைக்கும் ஊரைத் தேர்வதே சிக்கனம். தன் சொந்த இருக்கையையும் பெடலையும் மட்டும் எடுத்துச் சென்று பொருத்திக் கொள்பவர்களும் உள்ளனர். தலைக்கவசம் சொந்தமாக இருப்பது நல்லது. அதன் வாரை மாட்டிய பிறகே வண்டியைத் தொட வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி.

பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொள்ள இடம் உண்டா என்று பணம் கட்டும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். விசா தேவைப்படும் நாடென்றால் இது இன்னும் முக்கியம். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் உறுப்பினர் அல்லாதோர் ஒரு நாள் உரிமத்துக்குத் தனியாகப் பணம் கட்ட நேரலாம். கடல் கொந்தளித்தால் நீச்சலை நீக்கிவிட்டு ஓட்டம், மிதிவண்டி, ஓட்டம் என மாற்றி நடத்துவதும் உண்டு. அதற்குப் பணம் திரும்பாது.

நேர மண்டலம் மாறும் பயணத்தில், மாறும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஏறத்தாழ ஒரு நாள் வீதம் உடல் பழகும் என்பது பொதுக் கணக்கு. அதற்கு விடுப்பு கிடைக்காதவர்கள் நேர வேறுபாடு குறைந்த நாட்டைத் தேர்வது நல்லது. எப்படியும் இரண்டு நாள் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். பல போட்டிகளில் முந்தைய நாளே மிதிவண்டியை மாற்றிடத்தில் நிறுத்திவிட வேண்டும். நீச்சல் பாதையில் ஒத்திகை பார்க்க நேரம் ஒதுக்குவதும் அன்றே.

விளம்பரத்தில் எல்லாப் போட்டிகளும் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்றே எழுதப்படும். அதைச் சரிபார்க்க எளிய வழி, முந்தைய ஆண்டின் முடிவுப் பட்டியலைத் திறந்து கீழிருந்து மேலாகப் படிப்பதுதான். வென்றவரின் நேரம் புதியவருக்குப் பயன்படாது. கடைசி ஐம்பது பேர் எவ்வளவு நேரம் எடுத்தார்கள், அவர்கள் எந்த வயதினர், முடிக்காதவரைக் குறிக்கும் 'டிஎன்எஃப்' என்ற குறியீடு எத்தனை பெயர்களுக்கு எதிரே உள்ளது, அவர்கள் நீச்சலிலேயே நின்றார்களா அல்லது ஓட்டத்தில் நின்றார்களா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும்.