கண்வலிக்கிழங்கும் கோல்சிசின் மாத்திரையும்

கார்த்திகை மாதத்தில் ஜெயங்கொண்டம் பக்கம் போகிறவர்கள், சில வயல்களில் கம்பியைப் பற்றிக்கொண்டு சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும் ஒரு கொடியைப் பார்த்திருக்கலாம். அதுதான் செங்காந்தள், நம் மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் வருவதும் இதுதான். ஆனால் எங்கள் பக்கம் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு என்றுதான் பேச்சு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று சின்ன வயசில் மிரட்டுவார்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. பச்சைமலைப் பக்கம் வேலியோரத்தில் தானாகவும் முளைக்கும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம்: "இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல், சைடு எஃபெக்ட் வரும். நாட்டு மருந்து வேரும் கிழங்கும்தானே, ஒண்ணும் பண்ணாது." இதைச் சோதித்துப் பார்க்க இந்தக் கொடியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் இது இரண்டு பக்கமும் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இது ஒரு நச்சு மூலிகை. மருந்துக்கடையில் இதுவே அட்டையில் அடைத்த மாத்திரை. இரண்டிலும் வேலை செய்வது கோல்சிசின் என்கிற ஒரே மூலக்கூறு.

கோல்சிசினை முதலில் பிரித்தெடுத்தது நம் செடியிலிருந்து இல்லை. 1820ல் பிரான்சில் பெல்த்தியே, கவாந்து என்ற இருவர் ஐரோப்பாவின் கோல்ச்சிகம் செடியிலிருந்து எடுத்தார்கள். (மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே, அதுவும் அதே வருஷம்.) கோல்ச்சிகத்தை மூட்டுவலிக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தையது. செங்காந்தளிலும் அதே பொருள்தான் இருக்கிறது என்று 1915ல் இங்கிலாந்து வேதியியலாளர்கள் காட்டினார்கள். இன்றைக்கு நம் விவசாயிகள் இதைப் பயிரிடுவது முக்கியமாக விதைக்காகத்தான். கிழங்கைவிட விதையில் கோல்சிசின் அதிகம். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகப் போய்ச் சேருவது கஷ்டம். காலையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டுச் சேர்க்க வேண்டும். கூலியைத் தின்னும் வேலை. விதை விலையோ ஒரு வருஷம் போல மறுவருஷம் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல விதையில் கோல்சிசின் சுமார் 0.7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ விதையில் 7 கிராம். ஒரு மாத்திரை 0.5 மில்லிகிராம். ஆக, பிரித்தெடுப்பதில் ஆகும் சேதாரத்தை விட்டுவிட்டால், ஒரு கிலோவில் 14,000 மாத்திரை. ஒரு கைப்பிடி விதையில் எத்தனை பேருக்கான மருந்து இருக்கிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். பிரச்சினையின் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் என்ற சாரம் உண்டு. வீடு கட்டும்போது கட்டும் சவுக்குச் சாரம் மாதிரி, தேவைப்படும்போது கட்டி, வேலை முடிந்ததும் பிரித்துவிடும் சாரம். இதன் செங்கல், டியூபுலின் என்ற புரதம். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டுகள் ஜோடி சேர்ந்தது ஒரு செங்கல். கோல்சிசின் அந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் செங்கல் கோணலாகவே நின்றுவிடும். கோணல் செங்கலை வைத்து நேர்ச்சுவர் எழுப்ப முடியாது. சாரம் வளர்வது நின்று போகிறது.

சாரம் இல்லாவிட்டால் என்ன? இரண்டு விஷயம் கெடும். முதலாவது, செல் பிரிய முடியாது. பிரியும் நேரத்தில் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போவது இந்தக் குழல்கள்தான். தாவர ஆராய்ச்சிக்காரர்கள் இதையே தந்திரமாகப் பயன்படுத்தினார்கள். குரோமோசோம் இரட்டிப்பாகும், ஆனால் செல் பிரியாது. அப்படி இரட்டித்த செடியைச் சாதாரணச் செடியோடு சேர்த்துக் கிடைத்ததுதான் விதையில்லாத் தர்பூசணி. இரண்டாவது, வெள்ளை அணுக்கள் நகர்வதற்கும் இந்தச் சாரம் வேண்டும். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலியில், மூட்டுக்குள் ஊசி ஊசியாக யூரேட் படிகம் சேர்கிறது. அதை எதிரி என்று நினைத்து வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் போய்த் தாக்குகின்றன. ராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலிக்கு அந்தத் தாக்குதல்தான் காரணம். கோல்சிசின் அந்தக் கூட்டத்தை வழியிலேயே தடுக்கிறது. யூரிக் அமிலத்தை இது குறைப்பதில்லை. பாரசிட்டமால் மாதிரி எல்லா வலிக்கும் கேட்காததும் இதனால்தான்.

குறைந்த அளவில் மருந்தாகவும் கூடினால் விஷமாகவும் இருப்பதன் காரணம் இங்கே புரியும். எந்த மருந்துக்கும் பொதுவாகச் சொல்லும் விஷயம்தான், ஆனால் இதில் இடைவெளி ரொம்பக் குறுகல். வெள்ளை அணுக்கள் உள்ளே வந்த கோல்சிசினை வெளியே தள்ளுவதில் சோம்பேறிகள். அதனால் ரத்தத்தில் கொஞ்சமாக இருந்தாலும் அவற்றுக்குள் நிறையச் சேர்கிறது, அவை முதலில் அடங்குகின்றன. அளவு கூடினால் அடுத்த வரிசை வேகமாகப் பிரியும் செல்கள்: குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். குறிகளும் அந்த வரிசையில்தான் வரும். முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். அடுத்த சில நாட்களில் ரத்த அணுக்கள் சரிந்து, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். தப்பித்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் முடி கொட்டும். இதை நேரில் பார்த்து எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்கள். அங்கேயும் இந்தக் கொடி வேலிதோறும் உண்டு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. அவித்தாலும் விஷம் போகாது. 1966ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு இலங்கைக் கட்டுரையின் தலைப்பே, இந்த விஷத்துக்குப் பிறகு உடம்பு முழுக்க முடி கொட்டியது பற்றித்தான்.

மாத்திரையிலும் இந்த அளவு விஷயம் புரிய நாளாயிற்று. முன்பெல்லாம் கவுட் வலிக்கு, வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை போடச் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு என்பது குடலின் செல்கள் அடிபட ஆரம்பித்துவிட்டன என்பதற்கு அறிகுறி. அதையே 'போதும்' என்பதற்கான அடையாளமாக வைத்திருந்தார்கள்! 2010ல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மி.கி. கொடுத்ததும், ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுத்ததும் வலியை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைத்தன. வயிற்றுப்போக்கு மட்டும் முதல் குழுவில் 23 சதவீதம் பேருக்கு, இரண்டாவது குழுவில் 77 சதவீதம் பேருக்கு.

இப்போது நாட்டு மருந்துப் பக்கம் வருவோம். நம் பழைய வைத்தியர்கள் இதைச் சாதுவான கிழங்கு என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் சேர்க்கிறது. மருந்து மற்றும் அழகுசாதன விதிகளின் இ1 அட்டவணையில் இருக்கும் நஞ்சுப் பொருட்களில் இதுவும் ஒன்று. இவை சேர்ந்த மருந்தை உள்ளுக்குச் சாப்பிட்டால் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட வேண்டும். உள்ளுக்குக் கொடுப்பதற்கு முன் சுத்தி செய்யச் சொல்வதும் இதனால்தான். நறுக்கிக் கோமூத்திரத்தில் ஊறவைத்து, பிறகு காயவைப்பது ஒரு முறை. இதை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். கோல்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஊறவைத்தால் கொஞ்சம் வெளியேறும். வெளிச்சம் பட்டால் அதில் ஒரு பங்கு லூமிகோல்சிசின் என்ற வேறு பொருளாக மாறும், அது டியூபுலினைப் பிடிக்காது. ஆக, சுத்தி என்பது அளவைக் குறைக்கும் ஒரு வேலை. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று கையில் பார்த்துச் சொல்ல முடியாது. மண், கிழங்கின் வயசு, எத்தனை நேரம் ஊறியது, எல்லாம் சேர்ந்து அளவை மாற்றும். இடைவெளி அகலமான ஒரு மூலிகையில் இது பரவாயில்லை. துளசியைக் கூடுதலாக நாலு இலை தின்றால் ஒன்றும் ஆகாது. இதில் அப்படி இல்லை.

இன்னொன்று, கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பது. உடம்பு கோல்சிசினை இரண்டு வழியில் வெளியேற்றுகிறது. கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் சைப் 3ஏ4 என்ற நொதி உடைக்கிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பு வெளியே தள்ளுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டையும் அடைத்துவிடும். கவுட்டுக்கு வழக்கமான மாத்திரை போட்டுக்கொண்டே சளிக்காக இதையும் சேர்த்து விழுங்கி இறந்துபோனவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அவர்கள் யாரும் கோல்சிசினை ஒரு மாத்திரைகூட அதிகமாகப் போடவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வயல்வேலை உடம்பு வலிக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டுச் சிறுநீரகம் களைத்துப்போனவர்கள் நம் பக்கம் கொஞ்சமா?

நம் மிளகும் திப்பிலியும் இங்கே சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் இருக்கும் பைப்பரின், அதே நொதியையும் அதே பம்பையும் ஓரளவு தடுக்கும். திரிகடுகத்தை எல்லா மருந்தோடும் சேர்த்துக் கொடுத்ததில் ஒரு அனுபவ அறிவு இருக்கிறது: கொஞ்ச மருந்தை நிறைய வேலை செய்ய வைப்பது. ஜம்முவில் உள்ள அரசு ஆராய்ச்சிக்கூடம் இந்த யோசனையை வைத்தே காசநோய் மருந்து ரிஃபாம்பிசினோடு பைப்பரின் சேர்த்து, ரிசோரின் என்ற மாத்திரை வருவதற்கு வழி செய்தது. அதில் ரிஃபாம்பிசின் வழக்கமான 450 மி.கி.க்குப் பதில் 200 மி.கி.தான். நல்ல விஷயம். ஆனால் அதே தர்க்கப்படி, இடைவெளி குறுகிய ஒரு நஞ்சு மூலிகையோடு சேரும்போது இது எந்தப் பக்கம் தள்ளும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உடையார்பாளையம் பக்கம் என் பெரியப்பா ஒருவர் கண்வலி போட்டிருக்கிறார். இடுப்புவலிக்கு அவர் வாங்கி வைத்திருந்த காப்ஸ்யூல் அட்டையைப் பார்த்தேன். தயோகோல்சிகோசைடு. "பெரியப்பா, இது உங்க விதையிலேர்ந்து பண்றதுதான்" என்றேன். "அட போடா, அது விஷம்டா, அதையா டாக்டர் குடுப்பாரு?" என்று சிரித்தார். ஆனால் உண்மை அதுதான். செங்காந்தள் விதையில் கோல்சிசினோடு கோல்சிகோசைடு என்று சர்க்கரை ஒட்டிய ஒரு பொருளும் இருக்கிறது. அதில் கந்தகம் சேர்த்தால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் இந்த மருந்து. இது டியூபுலினை விட்டுவிட்டு நரம்பு மண்டலத்தின் காபா ஏற்பிகளில் வேலை செய்கிறது. ஆனால் உடம்புக்குள் சர்க்கரை கழன்று உருவாகும் ஒரு பொருள், குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடியது என்று தெரிந்து, 2013ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு கொண்டுவந்தது: வாய்வழி 7 நாளுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. பெரியப்பா இரண்டு மாதமாகக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டுகிறார்.

சமீபத்தில் இதயத்துக்கும் கோல்சிசின் வந்திருக்கிறது. 2020ல் 5,522 இதய நோயாளிகளிடம் தினம் 0.5 மி.கி. கொடுத்த சோதனையில் மாரடைப்பு முதலியவை 31 சதவீதம் குறைந்தன. 2023ல் அமெரிக்கா அனுமதித்தது. 2024ல் மாரடைப்பு வந்த 7,000 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் பலன் தெரியவில்லை. முடிவு இன்னும் உறுதியாகவில்லை. விதை விலை இதனால் ஏறுமா என்று ஊரில் கேட்கிறார்கள், எனக்குத் தெரிந்து மாத்திரைக்குத் தேவைப்படும் அளவே சொற்பம்.

பயிரிடுகிறவர்களுக்குச் சில விஷயம். விதையும் கிழங்கும் சமையல் பொருளோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் எட்ட வேண்டாம். விதைக் கிழங்கு வைத்த சாக்கை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். காய் உடைத்த கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது. முதல் நாள் வயிறு அடங்கினாலும், பெரிய பாதிப்பு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஆரம்பிக்கும். கடையில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இதற்குக் கிடையாது. பிரான்சில் ஒரு பெண்ணை ஆட்டிலிருந்து எடுத்த எதிர்ப்புரதம் கொடுத்துக் காப்பாற்றியது பற்றி 1995ல் கட்டுரை வந்தது, அது விற்பனைக்கு வரவேயில்லை. அதனால் சீக்கிரம் மருத்துவமனைக்குப் போய், அங்கேயே பல நாள் கண்காணிப்பில் இருப்பதுதான் வழி. அரியலூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. போகும்போது தின்றது என்ன கிழங்கு என்று ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.