காந்தள் விதையும் கால் பெருவிரலும்

ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். அவற்றுள் ஒன்று கபிலர் வளைவு. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர், முதலில் சொன்னது செங்காந்தளை. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் அது. யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் வீங்கித் துடிப்பவருக்கு உதவும் மருந்து அதன் விதையில் இருக்கிறது.

ஈரல், நெத்திலி, இறைச்சி ஆகியவற்றில் பியூரின் அதிகம். நம் செல்களிலும் அது உண்டு. பியூரின் சிதைந்தால் யூரிக் அமிலம். மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை மேலும் உடைக்கும் நொதி உண்டு, நமக்கு இல்லை. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது ஊசிப் படிகங்களாக மூட்டில் படியக்கூடும். படிகங்களை விழுங்க வெள்ளை அணுக்கள் திரள்கின்றன. ஆம்பூர் பிரியாணி விருந்து முடிந்த இரவில் சிலருக்குப் போர்வை பட்டாலே உயிர் போவது இந்த முற்றுகையால்தான்.

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். அதனால் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதையிலிருந்து பிரித்தெடுப்பது கோல்ச்சிசின்.

செல்லுக்குள் நுண்குழல்கள் உருவாவதை இது தடுக்கிறது. அவை இல்லாமல் வெள்ளை அணுக்கள் சரிவர நகர முடியாது, வீக்கம் வடிகிறது. ஆனால் யூரிக் அமிலம் இருந்த அளவிலேயே இருக்கும். அதன் உற்பத்தியைக் குறைப்பது அலோப்யூரினால் போன்ற வேறு மருந்துகள்.

செல் பிரிவதற்கும் அதே நுண்குழல்கள் வேண்டும். ஆகவே கோல்ச்சிசின் அளவு மீறினால் குடலும் எலும்பு மஜ்ஜையும் செயலிழக்கும், உயிரே போகும். மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மில்லிகிராம், ஒரு கிராம் விதையிலோ பத்து மாத்திரைக்கு மேல் இருக்கும். நாட்டு வைத்தியம் என்று இந்த விதையை அரைத்துக் குடிப்பது தற்கொலைக்குச் சமம்.

வலி நின்றதைப் பெருவிரலே சொல்லிவிடும். அமிலம் குறைந்ததா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.