பெரியவர்களுடன் பழனி, கொடைக்கானல்: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் போடும் திட்டம் இது: முதல் நாள் பழனியில் தரிசனம், அன்று மாலையே கொடைக்கானல், மறுநாள் ஊர் சுற்றல், அதற்கடுத்த நாள் விடியற்காலையில் கிளம்பிக் கொச்சியில் சொகுசுக் கப்பல். நாற்பது வயதுக்காரருக்கு இது கொண்டாட்டம். எழுபத்தைந்து வயது அம்மாவுக்கும் எண்பதைத் தொட்ட பெரியப்பாவுக்கும் இது தண்டனை. அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்; பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிடுகிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள்.

பெரியவர்களோடு போகும் பயணங்கள் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நேரத்தை இறுக்கிப் பிடித்துத் திட்டம் போடுவது. மற்றொன்று, அறை, வண்டி, கட்டணம் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்வது. முன்னது உடம்பைக் கெடுக்கிறது. பின்னது பணத்தைக் கெடுக்கிறது. இரண்டையும் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம்.

நாள் குறிக்கும்போது

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் அது கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை. சமவெளிக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டால் ஏமாந்துபோவீர்கள்; பெரியவர்களுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் அதைப்போல இரு மடங்கு ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்தும் மரம் விழுந்தும் இந்தப் பாதை அடைபடுவதுண்டு. அப்போது வத்தலக்குண்டு வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும்.

ஆகவே கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள், மலையிலிருந்து இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். கப்பலில் ஏறுவதற்கான நேரம் முடிந்துவிட்டால் உங்களுக்காக அது காத்திருக்காது. முந்தின இரவைக் கொச்சியிலேயே கழிப்பதுதான் பாதுகாப்பு. வண்டியில் நெடுந்தூரம் உட்கார முடியாதவர்களுக்குப் பழனியிலிருந்து ரயிலும் இருக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ் பழனி, பாலக்காடு வழியாக எர்ணாகுளத்துக்குப் போகிறது. ரயிலில் 60 வயது கடந்த ஆண்களும் 45 வயது கடந்த பெண்களும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் பதிவு செய்யலாம். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவோருக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது: வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. உத்தரவுகள் பருவத்துக்கு ஏற்ப மாறுகின்றன. எனவே கிளம்பும் வாரத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இ-பாஸ் இலவசம். அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழனியில்

பழனி மலைக்கு 690-க்கும் மேற்பட்ட படிகள். படிக்கு மாற்றாகச் சரிவு குறைந்த யானைப் பாதை உண்டு. வின்ச்சும் ரோப் காரும் உண்டு. முட்டி வலி உள்ளவர்களுக்குப் பின்னவை இரண்டுதான் வழி. ஆனால் ரோப் காரை நம்பி மட்டும் திட்டம் போடக்கூடாது. பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நாள்தோறும் பிற்பகலில் சிறிது நேரமும், ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கிலும் பராமரிப்புக்காக நிற்கும். 2007-ல் நடந்த விபத்தில் பக்தர்கள் உயிரிழந்த பிறகு இந்தப் பராமரிப்பில் யாரும் சமரசத்தை எதிர்பார்க்கக்கூடாது. நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் சண்டை போடாமல் வின்ச்சுக்குப் போங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதக் கிருத்திகை, சஷ்டி, தொடர் விடுமுறை ஆகிய நாட்களில் வின்ச் வரிசையே சில மணி நேரம் பிடிக்கும். பெரியவர்களை அழைத்துப்போக அவை ஏற்ற நாட்கள் அல்ல.

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை இருக்கிறது. அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். இதனால் கூட்டத்தில் பிரிந்துபோனால் கூப்பிட வழியில்லை. பெரியவர்களின் சட்டைப்பையிலோ சுருக்குப் பையிலோ பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், தங்கும் விடுதி, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எழுதிய சீட்டை வையுங்கள். பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்பதை ஏறும் முன்பே பேசி வையுங்கள். அடிவாரத்தில் பாத விநாயகர் கோயில் எல்லோருக்கும் தெரிந்த இடம். மறதி நோய் உள்ளவர் கையை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்களுக்கு 2024 முதல் தடை இருப்பதால், கார் கோயில் வாசல்வரை வரும் என்று எண்ண வேண்டாம். கோயில் நிர்வாகம் பேட்டரி கார்களை இயக்குகிறது. முடி காணிக்கைக்கு அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் கட்டணம் இல்லை. சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று தெருவில் வழிமறிக்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கட்டண தரிசனச் சீட்டு கோயில் கவுன்ட்டரில்தான். பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தான விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். பிரசாதம்தானே என்று சர்க்கரை நோயாளிகள் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதும் வேண்டாம்.

வண்டியும் மலைப்பாதையும்

வாடகைக்கு எடுக்கும் வண்டி மஞ்சள் போர்டா என்று முதலில் பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. நூறு இருநூறு மிச்சமாகும் என்று அதில் ஏறி விபத்து நேர்ந்தால், பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டம் என்று சொல்லி இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். மலையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநராகக் கேளுங்கள். மொத்த வாடகை, கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், இரவு தங்கல் இவை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். இறங்கும்போது கிளம்பும் தகராறுகளில் பல இந்த ஒரு செய்தியால் தீர்ந்துவிடும்.

விபத்து நேர்ந்தால் 108. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்த யாருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு நிர்ணயித்த வரம்புவரை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர நிலையில் வருபவருக்கு முதலுதவி தர அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இழப்பீடு கோரி விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம், தள்ளிப்போடாதீர்கள்.

கொடைக்கானல் குளிரில்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த உயரம் பெரிதாகத் தொந்தரவு தராது. இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், ரத்தசோகை உள்ளவர்களுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கலாம். கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்து, மலை ஏறலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருந்துகளைப் பெட்டியில் வைத்து டிக்கியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்று பயந்து பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். தலைசுற்றலும் சிறுநீர்த் தொற்றும் அதில்தான் தொடங்குகின்றன. எங்கெங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது.

அறை பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தரைத்தளமா, எத்தனை படி, வெளிநாட்டுக் கழிப்பறையா, வெந்நீர் எப்போது வரும், வண்டி வாசல்வரை வருமா: இவை ஐந்தையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டட விதி மீறியதாக உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்ட விடுதிகள் இங்கே உண்டு. உரிமம் பெற்ற விடுதியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. குளிருக்காகக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கியிருந்த இளைஞர்கள் இருவர், அறைக்குள் இருந்த கரி அடுப்பின் புகையால் தூக்கத்திலேயே இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூடுதல் கம்பளி கேளுங்கள். கரியும் விறகும் அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

எல்லா இடத்தையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கோக்கர்ஸ் வாக்கின் நடைபாதை, பிரையண்ட் பூங்கா, ஏரிக்கரை, வானம் தெளிந்தால் பழனி மலை தெரியும் குறிஞ்சி ஆண்டவர் கோயில், இவை பெரியவர்களுக்குத் தோதானவை. டால்பின் நோஸ் செங்குத்தான இறக்கம். குணா குகைப் பக்கம் வேர்கள் பரவிய வழுக்குப் பாதை. படகில் ஏறினால் உயிர்காப்பு உடை அணிந்தாக வேண்டும். கொடுக்காத படகில் ஏறாதீர்கள்.

பணம் பறிபோனால்

தங்கும் விடுதிகளின் பெயரிலும் கோயில் தங்கும் அறைகளின் பெயரிலும் போலி இணையதளங்கள் உலவுகின்றன. தேடலில் முதலில் வருவது அசல் என்று நினைக்காதீர்கள். கோயில் அறையை அறநிலையத்துறையின் அல்லது கோயிலின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். முன்பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலே எச்சரிக்கையாகுங்கள். ஏமாந்துவிட்டால் அழுது பொழுதைக் கழிக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

சட்டம் தரும் வழி

காட்டிய அறை வேறு, கொடுத்த அறை வேறு என்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்களாகப் பயணத்தை ரத்து செய்தால் ஒப்புக்கொண்ட ரத்து விதிதான் பேசும். ஆனால் அவர்கள் சொன்னதைத் தராதபோது ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்ற பலகையைக் காட்டித் தப்பிக்க முடியாது. பில் கொடுக்க மறுப்பதே இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். உணவகம் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அறிவித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

குறை நேர்ந்தால் செய்ய வேண்டிய வரிசை இது. அங்கேயே படம் எடுங்கள். மேலாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். பில், பணம் அனுப்பிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகத் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை; நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இணையவழியிலும் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி, அம்மா அப்பா தங்கியிருந்தாலும், பயன்பெற்றவர் என்ற முறையில் அவர்களும் நுகர்வோரே. கோயில் நிர்வாகம் தொடர்பான குறைகளுக்கு அறநிலையத்துறையின் இணையதளத்தில் புகார் பகுதி இருக்கிறது; அரசுத் துறைகள் மீதான புகாருக்கு முதல்வர் உதவி எண் 1100.

வழிதவறி நிற்கும் முதியவரையோ, யாரோ விட்டுச்சென்ற முதியவரையோ பழனி போன்ற ஊரில் கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பராமரிக்க வேண்டிய முதியவரைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம்வரை சிறைக்குரிய குற்றம்.

108, 1930, 1915, 14567: இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெரியவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். திட்டத்தை முடிவு செய்யும் முன் அவர்களைக் கூட உட்காரவைத்து, “எத்தனை நாள் வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள். பயணம் அவர்களுக்காக என்றால், அதன் வேகத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும்.