உங்களுக்குத் தெரியுமா? குளிர்விப்புக் கோபுரத்தில் கலந்த நஞ்சு

அனல்மின் நிலையத்தில் இடை சிறுத்து நிற்கும் கோபுரங்களின் உச்சியில் எழுவதைப் புகை என்றே பலரும் நினைக்கிறோம். அது நீராவி குளிர்ந்து உண்டாகும் மேகம். சூட்டை வாங்கி வந்த தண்ணீரை மேலிருந்து தூவும்போது, கொஞ்சம் ஆவியாகி மீதியைக் குளிர வைக்கிறது. கூடவே நுண்ணிய துளிகளும் காற்றில் தப்பிவிடும். தண்ணீரில் கலந்திருப்பதெல்லாம் அவற்றோடு ஊருக்குள் போகும்.

துருப்பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரில் குரோமேட் உப்பைக் கலந்தார்கள். அதன் குரோமியம் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில், பிஜி அண்ட் இ நிறுவனத்தின் எரிவாயு அழுத்த நிலையம் 1950களிலும் 60களிலும் கோபுரக் கழிவுநீரைத் தரையில் தடுப்புப் பூச்சுகூட இல்லாத குட்டைகளில் விட்டது. விஷம் நிலத்தடி நீரில் இறங்கியது. வழக்குப் போட்ட மக்களுக்கு 1996இல் 33.3 கோடி டாலர் கிடைத்தது. 2000இல் வந்த 'எரின் பிராக்கோவிச்' படம் சொல்வது இந்தக் கதையைத்தான்.

தொழிலகக் கோபுரங்களில் குரோமியம் கலந்த மருந்துகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994இல் தடைசெய்தது. பாஸ்பேட் போன்ற மாற்றுகள் அதற்கு முன்பே இருந்தன. இவ்வளவு தாமதித்தது தவறு.

இந்தியாவில் தண்ணீரின் அளவுக்கும் வரம்பு உண்டு. கோபுரம் வைத்த பழைய அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது.