செஞ்சி முற்றுகையும் புற்றுக்கட்டியின் குழாய்களும்

"கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைத்துவிட்டால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடாதா?" செஞ்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தினமும் ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். கோட்டை என்றால் முற்றுகை, முற்றுகை என்றால் பட்டினி.

1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னதும் இதுவே. 1998இல் இந்த வழியில் எலிகளிடம் கிடைத்த வெற்றியை வைத்து, இரண்டே ஆண்டில் புற்றுநோய் ஒழியும் என்கிற அளவுக்குப் பத்திரிகைகள் பேசின. ஒழியவில்லை. 2004இல் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்து சந்தைக்கு வந்தது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, பரவிய பெருங்குடல் புற்றில் இடைநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. பயன் உண்டு, அதிசயம் இல்லை.

ஆனால் ஒரு புதிர். ரத்தக் குழாயை அடைத்தால் கீமோ மருந்தும் உள்ளே போகாதே? பிறகு எப்படி இரண்டும் சேர்ந்து பலித்தன?

ஐஐடி கான்பூரில் வேதிப் பொறியியல் படித்த ராகேஷ் ஜெயின் 2001இல் ஒரு விடை சொன்னார். குழாய்களை அறிந்தவரின் விடை அது. கட்டி அவசர அவசரமாகப் போட்டுக்கொள்ளும் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலானவை, சுவரெல்லாம் ஓட்டை. கசிந்த நீர் சுற்றிலும் தேங்கும். அதை வடிக்க வேண்டிய நிணநீர்க் குழாய்களோ நசுங்கிக் கிடக்கும். குழாய்க்கு வெளியே அழுத்தம் ஏறி ஏறி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை எட்டிவிடும். அப்புறம் மருந்தைக் கட்டிக்குள் தள்ள எதுவும் மிச்சமில்லை.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலுக்கு அந்தக் காலத்தில் மண்குழாயில் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு மூட்டும் ஒழுகியிருந்தால் மேல்மாடிக்குச் சொட்டு ஏறியிருக்காது, கீழே சேறுதான் மிஞ்சியிருக்கும். பெவாசிஸுமாப் செய்வது ஒரு வகையில் மூட்டு அடைப்பு வேலை. குழாய் வளரத் தூண்டும் சமிக்ஞையை அது குறைக்கிறது. உதவாத குழாய்கள் உதிர்கின்றன, மிஞ்சியவை சீராகின்றன, அழுத்தம் இறங்குகிறது. மருந்தும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யவும் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் இந்த நல்ல காலம் சில நாட்களோ வாரங்களோதான். அளவு கூடினால் பழையபடி பட்டினி.

பட்டினியில் என்ன ஆகும்? 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். 1698இல் கோட்டை விழுந்தபோது மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தார். அந்த வீரரைப் புற்றோடு ஒப்பிடவில்லை, முற்றுகையின் குணத்தைச் சொல்கிறேன். ஆக்சிஜன் கிடைக்காத புற்றுச் செல்களில் சில, இடம்விட்டு இடம் போகும் சுபாவத்தைப் பெறுகின்றன.

ஆகவே செஞ்சி வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இதே பட்டினி யோசனையில், சர்க்கரையை நிறுத்தி, சோற்றைக் குறைத்துக் கட்டியைப் பட்டினி போடலாம் என்று சுற்றும் காணொளிகளை நம்பாதீர்கள். அதில் மெலிவது நோயாளிதான். எடை இழந்த உடம்பு கீமோவைத் தாங்காது. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால், மருத்துவரைக் கேட்டு, வயிறாரச் சாப்பிட வையுங்கள்.